இன்னும் வைரம் பாயவில்லை

முதல் கன்றைத் தனியாக நட்டேன், செத்தது.
இரண்டாவதும் தனிதான்.
மூன்றாவதைத் தரும்போது
நாற்றங்கால் ஆள் சிரித்தார்:
"பக்கத்துல துவரை போட்டியா?
இது ஒண்டியா நிக்காதும்மா.
இன்னொரு வேரு வேணும் அதுக்கு."

துவரை போட்டேன்.
துவரை ஒரு வருஷத்தில் ஓய்ந்தது.
சந்தனம் என் இடுப்புக்கு வந்து நின்றது.
பிறகு எதைக் குடித்து வளர்ந்தது என்பது
வேலிக்கு அந்தப்புறம் பூங்காவனம் கத்தியபோதுதான் தெரிந்தது:
"இன்னாடி, என் கறிவேப்பில பழுத்துப் பழுத்துக் கொட்டுது.
ஒன் மரம் மண்ணுக்கடியில திருடுது."
இல்லை என்று சொல்ல வாயில்லை.
கடையில் அஞ்சு ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கி
வேலிமேல் வைப்பேன்.
எடுத்துக்கொள்வாள். பேச மாட்டாள்.

வி.ஏ.ஓ. வந்து அடங்கலில் எழுதினார்:
சந்தனம், ஒன்று.
வாசனை வருதா என்று அவரும் கேட்டார்.
ஒடுகத்தூரில் எல்லாரும் கேட்டாயிற்று.
இலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாடை.
பூ, குங்குமம் வெளுத்த நிறம், மோந்தால் ஒன்றுமில்லை.
கறுத்த பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி
துவைக்கிற கல்லின்மேல் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும்.
எனக்கோ, ஆம்பூர் கம்பெனியில்
பதினோரு வருஷமாக ஷூவுக்கு அடி ஒட்டி
மூக்கில் பசைதான் குடியிருக்கிறது.
நிழல் போதும் என்று
ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே தலை உலர்த்துவேன்.

போன ஐப்பசியில்
மழை விடாத ஒரு ராத்திரி
யாரோ வந்து போயிருக்கிறான்.
விடிந்து பார்த்தால்
முழங்கால் உயரத்தில், விரல் நுழையும் துளை.
வைரம் பாய்ந்திருக்கிறதா என்று குடைந்து பார்த்திருக்கிறான்.
அடியில் நனைந்த வெள்ளைத் தூள்,
கடைசியில் வந்தது மட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள்.
போதாது என்று விட்டுவிட்டான்.
என் மரத்தின் வயசு
அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

சேற்றில் மண்டியிட்டு மூக்கை வைத்தேன்.
முதலில் பசை.
அப்புறமும் பசை.
அப்புறம், வெகு உள்ளே,
அடுத்த அறையில் தூங்குகிறவர்
புரண்டு படுத்தாற்போல

அவ்வளவுதான்.

"தள்ளு" என்று வேலியைத் தாண்டி வந்தாள் பூங்காவனம்.
வைத்த மூக்கை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.
"என் கறிவேப்பிலதான்டி இது" என்றாள்.

இரண்டு பேருமாகப் புற்றுமண் குழைத்து அடைத்தோம்.
அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது.
கை கழுவாமல் ஏறினேன்.