அழுகண்ணிக்கு மண் கழுவுதல்

முதல் செடி செம்மண்ணில் செத்தது.
மண்புழு உரம் மூன்று கை,
போர் தண்ணி ஒரு சொம்பு.
இலை நுனியில் நின்ற பிசின் துளிகள்
நாலாம் நாள் வற்றின.
எட்டாம் நாள் வெந்த கீரை.

நான் சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருக்கிறேன்.
சுத்திகரித்து வரும் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று
மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது என் சம்பளம்.
திருப்பூர் வந்து ஆறு வருஷம்,
குடியிருக்கும் வீட்டுத் தண்ணியில்
மீட்டரை முக்கத் தோன்றியதே இல்லை.
முக்கினேன்.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
இதில்தான் பருப்பு வேகவில்லை என்று
பருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது செடி கூரியரில் வந்தது.
ஈரப் பஞ்சுக்குள் அஞ்சு ரூபாய்க் காசளவு,
சுற்றிலும் சிவப்பு மயிர், மயிருக்கொரு துளி.

இதற்குக் கொழுத்த மண் ஆகாது.
ஒன்றும் தராத மண் வேண்டும்,
ஈரம் மட்டும் பிடித்துக்கொண்டு
கையை விரிக்கிற மண்.
சாப்பாட்டை அது
காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும்.

பொள்ளாச்சி ரோட்டில் நாச்சிமுத்துவின் நார்க்களம்.
தென்னந்தூள் கட்டி ஒன்று, நூற்றிருபது ரூபாய்.
“எந்தத் தண்ணீல ஊறுன மட்டைங்க?”
“தண்ணீல என்னங்க எந்தத் தண்ணி” என்று
அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊறவைத்துப் பிழிந்தேன். கடுங்காப்பி நிறம்.
ஆயிரத்து ஐந்நூறு.
கேன் தண்ணி ஊற்றிப் பிழிந்தேன். எழுநூறு.
மறுநாள் முந்நூற்றுப் பத்து.
மணிக்கட்டு வலித்தது.
அதற்கடுத்த நாள் நைட் ஷிஃப்ட், பிழியவில்லை.
ஆறாவது பிழியலில் நாற்பத்தொன்று.
கேன் தண்ணியே முப்பத்தெட்டு,
அதற்குக் கீழே தூளால் போக முடியாது.

மணலுக்கு,
எதிர் வீடு கட்டி மிஞ்சிய குவியலில்
வினிகர் விட்டேன்.
புசுபுசுவென்று பொங்கியது. சுண்ணாம்பு.
காங்கேயம் போகிற வழியில் பஸ்ஸை விட்டிறங்கி
ஒரு கரட்டில் வெங்கச்சங்கல் பொறுக்கினேன்.
ஈரச்சாக்கு போர்த்தி, பட்டறை முகமூடி மாட்டி உடைத்தேன்.
நெஞ்சுக்குள் இறங்கினால் அந்தத் தூள்
வெளியே வராது.
வினிகர் விட்டேன்.
கல் சும்மா கிடந்தது.

தூள் இரண்டு பங்கு, கல் ஒரு பங்கு,
பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஓட்டை.
மண்சட்டி வேண்டாம், அதுவும் உப்புக் கக்கும்.

ஒரு மாசம். கொசு இரண்டு, எறும்பு ஒன்று, புது இலை நாலு.

ஐந்தாம் வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்தால்
டப்பாவில் சாம்பல் நிறக் குருணை.
வீட்டுக்கார மயிலாத்தாள் மாடிப்படியில் நின்றார்,
ரோஜாவுக்குப் போடுகிற காம்ப்ளக்ஸ் பாக்கெட் இடுப்பில்.
“ஏனம்மிணி, பச்சப்புள்ளையாட்ட அழுதுட்டே நிக்குது.
எரு இல்லாத மண்ணுல வெச்சா எப்படிப் பொழைக்கும்?
ஒரு சிட்டிகைதான்.”

எனக்குக் கத்த வரவில்லை.
“அதும் பேரே அழுகண்ணிங்க்கா” என்றேன்,
சொல்லும்போதே வேரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
கழுவினேன். கேன் காலியாகும்வரை கழுவினேன்.
மிச்சமிருந்த தூளில் திரும்ப நட்டேன்.
நாலு இலையும் வரிசையாகக் கறுத்தன.
நடுவில் பச்சையாய்க் கடுகளவு ஒன்று.
அது இருக்கிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா.

மயிலாத்தாள் ஒரு வாரம் மாடிக்கு வரவில்லை.

ஐப்பசி மழை ராத்திரி பத்தரைக்குப் பிடித்தது.
கதவைத் தட்டினார்கள்.
முந்தானை தலைக்கு மேலே,
கையில் சில்வர் குண்டா, தளும்பத் தளும்ப.
“ஓட்டுத் தண்ணியில்ல, வெறும் வானத்துது.
நடு மாடில வெச்சுப் புடிச்சேன்.
உன்ற குச்சிய விட்டுப் பாரு.”

விட்டேன்.
எண் ஓடி ஓடி நின்றது.
“எத்தனை?”
“பதினொண்ணுங்க்கா.”

“பத்துமா?” என்று கேட்டுவிட்டு
பதில் வருமுன் குனிந்து
டப்பாவுக்குள் தேட ஆரம்பித்தார்,
கடுகை.