ஏழாவது கலம்: குறிப்பு

குடியாத்தத்துக்கு மேற்கே கருங்காலியேரி.
மதகுக்கல்லில் வெயில் ஏறும் முன்பே
டெம்போவிலிருந்து இறங்கிவிட்டன
ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகள், நூற்றுப்பத்து.

பைகளை முதலில் ஏரியில் மிதக்கவிட வேண்டும்
அரைமணி நேரம்,
உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும்
ஒரே சூட்டுக்கு வரும்வரை.
அவசரப்பட்டால் குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டும்.
தரங்கம்பாடியிலிருந்து மாற்றலாகி
காட்பாடி ரயிலடியில் ஒரு மே மாதம் இறங்கியபோது
எனக்கு யாரும் அந்த அரைமணி தரவில்லை.

எண்ணுவதற்கு
ஒரு டீ வடிகட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர்.
முதல் டம்ளரை மட்டும் ஒவ்வொன்றாய் எண்ணுவோம்:
இருநூற்றுப் பதினாறு.
மீதியெல்லாம் பெருக்கல்.
கட்லா மேலே மேயும், ரோகு நடுவில்,
மிர்கால் சேற்றோடு.
ஒரே ஏரியில் மூன்று மாடி கட்டிக் குடிவைக்கிறது அரசு.
கொக்குகள் தணிக்கைக்கு வந்து கரையில் நிற்கின்றன.
அவை கையெழுத்துப் போடுவதில்லை.

"லட்சம்னு எழுதிக்கினு போயிடுவீங்க மேடம்,
ஏரி இன்னா படிச்சிக்கீதா?"
பீடியைக் காதில் செருகியபடி முனுரத்தினம்,
குத்தகை எடுத்த சங்கத்தின் செயலாளர்.
தொண்ணூற்றாறாயிரத்து நூற்றிருபது என்றேன்.
அந்த நூற்றிருபதுக்குச் சிரித்தார்.

அப்போதுதான் பைக்கில் வந்தான் இம்தியாஸ்,
பேரணாம்பட்டு, ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவன்.
ஏழாயிரம் ரூபாய்த் தூண்டில்,
ரப்பரில் ஒரு தவளை.
"புடிச்சி வுட்டுருவேன் மேடம். ஒரே ஒரு போட்டோ.
சீட்டு எவ்ளோனு சொல்லுங்க, கட்டிடறேன்."

தானாய் வந்து கட்டுகிறேன் என்பவனை
பதினோரு வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
வீச்சுவலை உண்டு, செவுள்வலை உண்டு, பரிசல் உண்டு.
பிடித்து, பார்த்து, திருப்பித் தருகிறவனுக்கு
வரி இல்லை, வரிசையும் இல்லை.
உதவி இயக்குநருக்குப் போன் போட்டேன்.
"எழுதிக் கேளுங்க" என்றார்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

"வெளாட்டுக்கு மீனா?
அதுக்கு வாயில ஓட்ட, உனுக்கு போட்டோவா?"
முனுரத்தினம் கேட்டதற்கு அவன் பதில் பேசாமல்
கொக்கியை நீட்டிக் காட்டினான்.
எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தான்.

கோரைப் பக்கம் தண்ணீர் சிவந்திருந்தது,
ஒரு தாம்பாள அகலம்,
கொதி வரும் முன் உலைபோல் ஒரு நடுக்கம்.
விரால் குஞ்சுகள்.
கீழே கருப்பாய் இரண்டு, தாயும் தகப்பனும்.
இந்த நாட்களில் எதை எறிந்தாலும் அடிக்கும்,
பசியால் அல்ல.
தூண்டில் அவன் தோளுக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"அங்க வேணாம்!"
நானும் முனுரத்தினமும் ஒரே மூச்சில்.
குத்தகைப் பாக்கியிலிருந்து குஞ்சு விலைவரை
நாங்கள் ஒத்துப்போன வேறு விஷயம் கிடையாது.

சுருளில் நூல் திரும்பும் சத்தம்.
மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்
அந்தச் சிவப்பு கோரைக்குள் நகர்ந்து போவதை.
இவற்றை எந்த டெம்போவும் கொண்டுவரவில்லை.
என் பதிவேட்டில் விரால் 'பிற'.
இன்று பொழுது சாய்வதற்குள்
என் நூற்றிருபதில் பாதி
அந்தத் தகப்பன் வயிற்றில் இருக்கும்,
எனக்குத் தெரியும்.

"அப்பால அந்தாண்ட போ," முனுரத்தினம் கை காட்டினார்,
"புழு போடு, ஜிலேபி மாட்டும்.
அத்த மட்டும் திருப்பி வுடாத."

பதிவேட்டின் ஏழாவது கலத்தில் எழுதினேன்:
மதகிலிருந்து நாற்பதடி, கோரைப் பகுதி,
தை முடியும்வரை தூண்டிலும் கூடாது.
அப்படி உத்தரவிட
எனக்கு அதிகாரம் உண்டா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
முத்திரையும் வைத்தேன்.
கை ஈரம்.
பாதிதான் விழுந்தது.