திங்கட்கிழமை எண்ணிக்கை

உண்டியலைத் திங்கட்கிழமை திறப்போம்.
சில்லறைக்குக் கோயில்பிள்ளை பத்திநாதன்,
நோட்டுக்கு நான்,
கையெழுத்துக்கு மட்டும் சாமியார்.
மேசையில் கொட்டியதும் முதலில் மெழுகு வாசம் எழும்,
பிறகு மெல்ல மீன்.
கடலூர் முதுநகரில்
எந்தச் சாமியின் உண்டியலைத் திறந்தாலும்
அடியில் துறைமுகம் இருக்கும்.

எனக்குப் பணத்தாசை கிடையாது.
பாவசங்கீர்த்தனத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறேன்.
தண்டல் விடுகிறேன், அவ்வளவுதான்.
கையில் எட்டாயிரத்து ஐந்நூறு,
கணக்கில் பத்தாயிரம்,
நாளுக்கு நூறாக நூறு நாள்.
ஞாயிறு வசூலுக்குப் போவதில்லை.
ஓய்வுநாளை மதிக்கிறவன்.
திங்களன்று இருநூறாக வாங்கிக்கொள்வேன்.

கோயில் நடுவில் ஓடும் மின்விசிறி நான் கொடுத்தது.
மூன்று றெக்கையிலும்
உபயம்: சூ. அமலோற்பவநாதன்.
சுற்றும்போது படிக்க முடியாது.
கரண்ட் போனால் நிமிர்ந்து பார்ப்பேன்.
ஊசிக் காதைப் பற்றிய பிரசங்கம்
வருஷத்துக்கு ஒருமுறை வரும்.
அப்போதெல்லாம் சிப்காட் முதலாளிகளை நினைத்துக்கொள்வேன்,
பாவம், எப்படித்தான் நுழையப்போகிறார்களோ.

வெள்ளி விடியலில்
ஏலக்கூடத்துக் குண்டு பல்பின் கீழ்
அஞ்சலாட்சிக்கு எண்ணிக் கொடுத்த கட்டின் நடுவே
ஒரு நூறைச் செருகியிருந்தேன்:
மூலை கருகியது, முதுகில் செலோ டேப்,
பச்சை மையில் யாரோ எழுதிய பாதி போன் நம்பர்.
எவனோ எனக்குத் தள்ளியது.
நான் அவளுக்குத் தள்ளினேன்.
இருட்டு எல்லோருக்கும் பொது.

இன்று அது மேசையில்,
மெழுகு ஒட்டி, நாலாக மடிந்து.
பத்திநாதன் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.
"செல்லாததெல்லாம் சாமிக்கு."
நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.
அவன் குனிந்து பத்து ரூபாய்க் காசு ஒன்றைத் தேடும் நேரத்தில்
என் நல்ல நூறை வைத்துவிட்டு
அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கூட்டல் சரி.
சரியாக வந்த கணக்கு ஏனோ
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயந்திரம் உப்பனாற்றுக் காற்றில்
அவள் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்து
முடிச்சிலிருந்து இருநூறு எடுத்தாள்.
"அந்தக் கிழிஞ்ச நோட்டை எதுக்குக் கோயில்ல போட்ட?"
உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
முகமும் மாறவில்லை.
"டீக்கடையில வாங்கல. ஐஸ்காரன் வாங்கல.
கண்டக்டரு மூஞ்சியிலயே வீசிட்டான்.
மாதா வாங்கிக்கிச்சு."
சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

என் நோட்டுப் புத்தகத்தில்
ஒரு செதில் வந்து ஒட்டியது.
அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை.
ஒரு நூறைத் திருப்பி நீட்டினேன்.
"ஞாயித்துக்கெழமைக்கு வேணாம்."
வாங்கினாள்.
விளக்குக்கு நேரே பிடித்து
இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பிப் பார்த்தாள்,
கிழிசல் எங்கே இருக்கிறது என்று.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
சட்டை ஆணியில் தொங்குகிறது,
பையில் அது.
ஊரெல்லாம் செல்லாமல்
ஓரிடத்தில் மட்டும் செல்லுபடியானது.
நாளைக்கு அதை யாருக்குத் தள்ள?

நூறு நாளில் எத்தனை ஞாயிறு?
பதினான்கு.
பதினான்கு நூறு ஆயிரத்து நானூறு.
ஒருத்திக்கு விட்டது துறைமுகம் முழுக்கத் தெரியும்.
எழுபத்திரண்டு பேர்.
வேண்டாம் என்று கண்ணை மூடினேன்.
உதடு மட்டும் பெருக்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த இருதயமேரி
ஒருமுறை கண் திறந்து பார்த்துவிட்டு
சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.
ஜெபம் என்று நினைத்திருப்பாள்.