தட்டிப் பார்த்தல்

லீக்சா மர ஆலையில் ரைலிக்கு
பலகை தரம்பிரிக்கும் வேலை.
விரல்முட்டியால் தட்டுவாள்.
உள்ளே பொந்திருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பரிலிருந்து
இடது காதுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலம்.
முதலில் குறுகுறுப்பு.
பிறகு சீப்பு போவது கேட்கிறது,
படுவது தெரியவில்லை.

மரத்துப்போயிற்று என்போம் நாம்.
அவளுடைய ஃபின்னிஷிலும் அந்தச் சொல்லுக்குள்
ஒரு மரம் நிற்கிறது.
நள்ளிரவில் எழுந்து
தலையைத் தட்டிப் பார்த்தாள்,
பைன் பலகையைத் தட்டுகிற அதே கணக்கில்.

யோயென்சூவில் ஸ்கேன் எடுத்தார்கள்.
நரம்பு மருத்துவர் குவோஸ்மனன்
கறுப்புவெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி
"ஒன்றுமில்லை" என்றார்.
அந்த ஒன்றுமில்லை எங்கே இருக்கிறது,
விரல் வைத்துக் காட்டுங்கள் என்று
கேட்க இருந்தாள்.
கார் நிறுத்தப் போட்ட காசுக்கு
நேரம் முடிந்துவிட்டது.

நேற்று தொப்பியில்லாமல் வாசலில் நின்றாள்.
பனி.
வலப்பக்கம் சில்லென்று.
இடப்பக்கம் யார் தலையிலோ விழுவதுபோல.
பிறகு வகிட்டுக்குச் சற்றே அந்தப்புறம்
ஒரே ஒரு துளி,
இல்லை, பழைய எறும்புதானா?
கதவு திறந்தே கிடக்க
அசையாமல் நின்றாள்,
இன்னொன்று விழட்டும் என்று.