ஏற்பாட்டாளர்

பார்மனில், வெப்பமூட்டி பொருத்தும் கம்பனி ஒன்று.
பதினான்கு பேர், ஐந்து வான், ஒரு நிலவறை.
நிலவறையில் பழைய சேர்வர்
காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளி மாலை எல்லாரும் போனபின்
தபால்பெட்டிகளை மாற்றத் தொடங்கினேன்.
மூன்று இலட்சம் கடிதம்,
பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு.
பெரும்பாலும் விலைப்பட்டியல்.
ஒன்றையும் நான் வாசிக்கவில்லை.
திறப்பு வைத்திருக்கிறவனுக்கு
வாசிக்காமலிருப்பதற்குத்தான் சம்பளம்.

நாட்காட்டிதான் சிக்கல்.
இதுவரை அது சமையலறைச் சுவரில் தொங்கியது,
ஆணிக் கம்பனி இலவசமாய்க் கொடுத்தது.
யார், எந்தக் கொதிகலன், எத்தனை மணி என்று
பென்சிலால் எழுதி, எச்சில் விரலால் அழித்து,
மார்ச் மாதம் முழுக்க ஒரே கறுப்பு.
ஹெர் க்னாபே ஒரு நிபந்தனைதான் வைத்தார்:
எல்லாரும் எல்லாருடையதையும் பார்க்கவேண்டும்,
என்னுடையதை ஒருவரும் பார்க்கக்கூடாது.

அதற்கும் வழி இருக்கிறது.
நேரம் தெரியும், காரணம் தெரியாது.
சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்.
செவ்வாய் மூன்றரைக்கு அவர் பல்லுப் பிடுங்கலாம்,
வங்கிக்காரனோடு கதைக்கலாம்,
வானுக்குள் இருந்து அழலாம்.
சாம்பலுக்குள் எல்லாம் ஒன்று.

இரவு பதினொன்று தாண்டி ஒரு சிவப்பு வரி.
வெள்ளி 9.30, சின்னச் சமையலறை, வாஃபிள்.
கிழமைக்கு ஒருமுறை. முடிவு நாள் இல்லை.
ஏற்பாட்டாளர்: ஊட்டா லூட்கெஹவுஸ்.
அப்படி ஒருவர் இல்லை என்கிறது சேர்வர்.
ரத்துச் செய்ய விரும்பினால்
ஏற்பாட்டாளரைத் தொடர்புகொள்ளவும்
என்பதும் அதுவேதான்.

க்னாபேக்குப் போன் எடுத்தேன்.
பின்னால் தொலைக்காட்சிச் சத்தம், பிறகு அதுவும் இல்லை.
"அவள் செத்துப்போகவில்லை," என்றார், நான் கேட்காமலே.
"ரெம்ஷைடில். மற்றக் கம்பனியில். மூன்று வருஷம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"வாஃபிள் இரும்பை விட்டுவிட்டுப் போனாள்."

மூன்று வருஷமாய்
அவள் பெயரில் மணி அடித்திருக்கிறது.
ஆட்கள் கைகழுவி வந்து இருந்திருக்கிறார்கள்.
மாவு கரைத்தது யார், செர்ரிப் போத்தல் வாங்கியது யார்,
ஒரு பதிவும் இல்லை.

கந்தோர் என்கிறோம் நாங்கள் இன்னும்.
அந்தச் சொல்லைக் கொண்டுவந்த ஒல்லாந்தர்
கப்பலேறி இருநூறு வருஷத்துக்கு மேல்.
இன்றைக்கும் கந்தோருக்குப் போறன் என்றுதான்
வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு பெயர் கொடுக்கவேண்டும்.
"சாம்பலில் போடு," என்றார் க்னாபே.
அழைப்பைச் சாம்பலில் போட முடியாது,
வரச்சொல்கிறவர் யாரென்று தெரிந்தாக வேண்டும்.
அந்நேரம் யாரை எழுப்ப?
என் கணக்கைப் போட்டேன்,
ஒரு கிழமைக்கு மட்டும் என்று.

திங்கள் காலை, வுப்பர் ஆற்றுக்கு மேலே
தொங்குரயில் வளைவில் ஆடுகையில்
சட்டைப்பைக்குள் போன் துடிக்கத் தொடங்கியது.
யானிக் ஏற்றுக்கொண்டார்.
பிர்கிட் ஏற்றுக்கொண்டார்.
ட்ராகன் உறுதியில்லை, பள்ளிக்கூடமொன்றில் கொதிகலன் வேலை.
க்னாபே ஏற்றுக்கொண்டார்.
காரணம் தெரியாது.

இன்று வெள்ளி. நான் சோலிங்கனில்,
வேறொரு நிலவறையில்,
கத்தரிக்கோல் செய்கிறவர்களின் சேர்வரோடு.
ஒன்பதே காலுக்கு மணி அடிக்கிறது:
இன்னும் பதினைந்து நிமிஷம், சின்னச் சமையலறை.
அழைத்தவரும் வருகிறவர்தான் என்பது
மென்பொருளின் விதி.
என்னை நீக்கும் பொத்தானைத் தேடினேன்.
மிகவும் தேடினேன் என்று சொல்லமாட்டேன்.

தலையில் கம்பி பிடித்து ஓடும் பஸ்ஸில் ஏறி,
ஃபோவிங்கலில் தொங்குரயிலுக்கு மாறினால்கூட
போய்ச்சேர இரும்பு ஆறிவிடும்.

போன் மறுபடி.
யானிக் எழுதுகிறான்:
செர்ரி யார் கொண்டுவருவது?
அழைப்பில் நீங்கள் போடவில்லையே.