தோள்மூட்டு

டண்டினோங் நூலகத்துக்குப் பின்னால் கார் தரிப்பிடம்.
ஜூலை. கண்ணாடியில் என் மூச்சே படிந்து
எதிரே நிற்கும் மரம் தெரியவில்லை.
தொலைபேசி அதிர்கிறது. வேலை எண் சொல்கிறார்கள்,
பார்க்கிங் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொள்கிறேன்.
ஷெப்பார்டன் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு. தமிழ்.

பெயர் சுகிர்தமலர். வயது இருபத்தொன்பது.
பேரிக்காய் அடுக்கும் கொட்டகையில் இரவு வேலை.
முகம் எனக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை.

"இடப்பக்கம் அடிவயிறு பிடிச்சு இழுக்குது" என்கிறாள்.
எனக்கு இழுக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன்.
எனக்கு என்றுதான் சொல்ல வேண்டும்,
அவளுக்கு என்றால் பிழை.
பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தந்தது.
ஆகவே இன்று காலை பத்து பத்துக்கு
எனக்கு ஏழு கிழமையாக மாதவிலக்கு இல்லை.
நேற்றிலிருந்து கொஞ்சம் கறை,
கோப்பி மண்டி மாதிரி.
நாற்பத்தெட்டு வயது. எல்லாம் நின்று இரண்டு வருடம்.
குரலை நேராக வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

டொக்டர் இளம் ஆள். பேனையை அமத்தி அமத்தி எடுக்கிற சத்தம்.
ஸ்கான் எடுக்கிறவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாராம்.
அதுவரை பரசிட்டமோல்.
"சரி" என்கிறாள்.
எது சொன்னாலும் சரி சொல்லிப் பழகிய குரல்.

பிறகு, எனக்கு மட்டும் என்று நினைத்து, மெல்ல:
"தோள்மூட்டும் நோகுது அக்கா. படுத்தால் கூடுது.
அதைச் சொல்ல வேண்டாம், பெட்டி தூக்கினதாலை.
பேந்து வேலைக்கு வர வேண்டாம் எண்டு எழுதிப்போடுவினம்."

கூட்டாதே, குறைக்காதே.
அக்கா என்றவளுக்கு ஒரு மூச்சளவு நேரம்
அக்காவாக இருந்து பார்த்தேன்.
பிறகு தோளைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன்,
சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

பேனை நின்றது.

"எந்தத் தோள்? நுனியா?"
நாற்காலி உருள்கிறது. திரையின் வளையங்கள் கம்பியில் ஓடுகின்றன.
புதிதாக ஒரு பெண்குரல் எண்களாகவே பேசுகிறது,
ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடச் சிறியது.
வயிற்றுக்குள் வழிகிற ரத்தம்
தோளில் போய் நோகுமாம்.
பன்னிரண்டு வருடமாக நான் சேர்த்த சொற்பட்டியலில்
அப்படி ஒரு வரி இல்லை.

"கருக்குழாய் வெடித்திருக்கலாம்."
"என்ன குழாய் அக்கா?"
சூலகத்திலிருந்து கருப்பைக்கு வருகிற வழி.
கரு வந்து சேரவில்லை, வழியில் தங்கிவிட்டது.
டொக்டரின் வாக்கியத்தில் பிள்ளை என்ற சொல் இல்லை,
நானும் போடவில்லை.
அவள்தான் போட்டாள்: "அப்ப பிள்ளை?"

அதை ஆங்கிலத்தில் கேட்டேன்.
பதில் வந்தது. அதைத் தமிழில் சொன்னேன்.

புருசனின் போன் லொக்கருக்குள், ஷிப்ட் முடிய மூன்றாகும்.
காத்திருக்க நேரமில்லை.
இடது குழாயை எடுப்பதற்கு,
தேவைப்பட்டால் சூலகத்தையும்,
நான் சம்மதிக்கிறேன் என்று
மூடிய காருக்குள் உரத்துச் சொன்னேன்.
தள்ளுவண்டியோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கட்டில் நகர்கிறது. சக்கரங்களுக்கு மேலாக அவள்:
"அக்கா, இருக்கிறியளோ?"
"இருக்கிறன்."
யாருடைய வாக்கியமும் இல்லை அது.
விதிப்படி நான் பேசியிருக்கக் கூடாது.

இணைப்பு அறுந்தது. முப்பத்தேழு நிமிடம்.
வேலை முடிந்ததா என்று செயலி கேட்கிறது,
ஆம், இல்லை, இரண்டே பொத்தான்கள்.
கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.
மரம் அங்கேதான் நின்றது, இலையில்லாமல்.

பார்க்கிங் பத்து ஐம்பதுக்கு முடிகிறது.
அடுத்த அழைப்பு மில்டியூராவில், பல் ஆஸ்பத்திரி.
எனக்குக் கடைவாயில் ஒரு சொத்தை.