எட்டாம் இடம்

நாற்பது மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் நான்.
கீழே பால்டிக் கடல், ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல்.
ஏப்ரல் பிறந்தும்
க்லைபெடாவுக்குக் குளிர் விட்டபாடில்லை.

ஏழு அணிகள் உள்ளே போய்விட்டன.
மிச்சம் ஒரே நாற்காலி.
எட்டாம் இடம்.
பெயரிலேயே கைக்கு எட்டாதது.

கணக்கு இதுதான்:
எங்கள் நீர்க்காகங்கள் இன்றைக்கு ஜெயிக்க வேண்டும்.
அது மட்டும் போதாது.
சர்க்கரை ஆலைக்காரர்கள் தோற்க வேண்டும்,
அதுவும் பதினேழு புள்ளிக்குக் குறையாமல்.
அவர்களைத் தோற்கடிக்க வேண்டியது யாரென்றால்,
சொல்லவே நாக்கு கூசுகிறது,
காட்டெருதுகள்.

இருபத்தாறு வருடம் நான் சபித்த அணி.
எகிடியுஸ் பிரிந்து போனபோது
பாத்திரம் பண்டம் எல்லாம் விட்டுவிட்டு
காட்டெருதுகளின் பச்சைக் கழுத்துத்துணியை மட்டும்
மறக்காமல் எடுத்துப்போனான்.
அந்த அணிக்காக
இன்று காலை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.
சின்னதுதான். ஐம்பது சென்ட்.

அவர்களோ முதலிடம் உறுதியான தெம்பில்
பெரிய கைகளையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.
ஆடுவது பொடியன்கள்.
முப்பத்தொன்றாம் எண் சட்டைக்குப் பத்தொன்பது வயது.
சீசன் முழுக்கத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுத்தவன்.
என் வசந்தம் அவன் மணிக்கட்டில்.

கூண்டில் கைபேசி கூடாது. சட்டம்.
ஆனால் கீழே கொக்கி பார்க்கும் விகந்தாஸ்
வாக்கிடாக்கியில் காற்று சொல்லலாம்.
அதற்குத்தானே சம்பளம்.
மேற்கே என்றால் எங்கள் ஆட்டம்.
கிழக்கே என்றால் அந்த ஆட்டம்.
வேகம் என்றால் முன்னிலை.
எதிர்க்காற்று என்றால், விளக்க வேண்டாம்.

"மேற்கே எதிர்க்காற்று, நாலு."
பெட்டியை இறக்கினேன்.
"கிழக்கே ஒன்பது."
இன்னொன்று. ஈக்வடார் வாழைப்பழம்.
"மேற்கே எதிர்க்காற்று, பதினொன்று."
அந்தப் பெட்டி கொஞ்சம் பலமாகவே உட்கார்ந்தது,
வாழைப்பழம் மன்னிக்கட்டும்.
"கிழக்கே பதினாலு. பதினேழு."
அவன் குரல் ஏணி இல்லாமலே மேலேறி வந்தது.
"கிழக்கே இருபத்திரண்டு! அந்தப் பையன்! இருபத்திரண்டு!"

சைரன்.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜில்வினாஸ்:
"இருபதைத் தாண்டிவிட்டது. எல்லாக் கிரேனும் நிற்கட்டும்."

நின்றன.
கொடி கம்பத்தோடு ஒட்டித் தூங்குகிற மாலையில்
ஒரு துறைமுகமே புயலுக்கு ஒதுங்கி நின்றது.
கப்பல் தளத்தில் பிலிப்பினோ மாலுமி ஒருவன்
விரலை நக்கி வானத்தில் நீட்டிப் பார்க்கிறான்.
அலைதடுப்புக் கல்லில் ஒரு நிஜ நீர்க்காகம்
இறக்கை விரித்து உலர்த்துகிறது,
புள்ளிப்பட்டியல் எதுவும் தெரியாமல்.

கிழக்கு முடிந்தது.
எதிரி கடனைக் கட்டிவிட்டான், வட்டியோடு.
இனி நாங்கள்தான்.
இப்போதுதான் வயிறு கலங்கியது.
எகிடியுஸின் அணியை நம்புவது இதைவிட
எவ்வளவோ சுலபமாக இருந்தது.

இங்கிருந்து அரங்கத்தின் கூரை தெரியும். கதவுகள் தெரியும்.
தோற்கிற நாளில்
கடைசி மணிக்கு முன்பே அந்தக் கதவுகள் ஆட்களைத் துப்பும்.
கார் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும்.
இந்தக் குளிர்காலம் முழுக்க
அப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது.

நேரம் ஆயிற்று.
ஒரு கதவும் திறக்கவில்லை.
ஒரு காரும் விழிக்கவில்லை.

"மேற்கே," விகந்தாஸ் கிசுகிசுத்தான்,
"காற்றே இல்லை. சரிசமம்."

வேலையைத் தொடரலாமா என்று
முறைக்கு ஒரு வார்த்தை கேட்டேன்.
அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.
பிறகு ஜில்வினாஸ்,
பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் சிரித்து நான் பார்த்திராத ஜில்வினாஸ்,
தொண்டையைச் செருமிக்கொண்டார்:

"வேண்டாம், டங்குவோலே.
இன்னும் ஐந்து நிமிடம் அடிக்கும்."